சோற்றுக்குப் பூட்டு! மலாயாக் காட்டில் 12 ஆண்டு நடந்த போர்

துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட்ட கூட்டத்தை ஒரு சர்க்கார் எப்படி மடக்குவது? அவர்களுக்கு வீடு இல்லை, நிலம் இல்லை. எதைக் காட்டி மிரட்டுவது?

மலாயாவில் பிரிட்டிஷ் சர்க்கார் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியது.

1948 ஜூன் 16. சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசர நிலை பிறந்தது. 1951 அக்டோபரில் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியே நடுச்சாலையில் கொல்லப்பட்டார். விமானங்கள் காட்டில் குண்டு போட்டன. பயன் குறைவுதான்.

காட்டில் இருப்பவனுக்கும் வயிறு உண்டே! காட்டோரம் குடியிருந்த சீன ஏழைகள் அரிசியும் மருந்தும் கொடுத்தார்கள். சிலர் மனம் ஒப்பி, சிலர் பயந்து.

முள்வேலிக் கிராமங்கள்

ஜெனரல் பிரிக்ஸ் 1950ல் திட்டம் போட்டார். சுமார் 5 லட்சம் பேரைப் பெயர்த்து, முள்கம்பி வேலி போட்ட புதுக் கிராமங்களில் வைத்தார்கள். ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களின் லயங்களையும் வேலிக்குள் அடைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்களை வாசலில் சோதனை போட்டார்கள். டப்பா உணவு வாங்கினால், கடைக்காரர் அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டும். சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாதல்லவா? சில இடங்களில் அரிசியே கிடையாது. பொதுச் சமையலறையில் ஆக்கிய சோறுதான். அந்த வெக்கையில் சோறு ஒரே நாளில் ஊசிப்போகும்!

1952 மார்ச்சில் தஞ்சோங் மாலிம் அருகே, தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போன கோஷ்டியில் 12 பேர் மாண்டார்கள். ஊரார் வாய் திறக்கவில்லை. புதிதாக வந்த ஜெனரல் டெம்ப்ளர் தினம் 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசி ரேஷனையும் வெட்டினார். சுட்டவன் காட்டில், பட்டினி கிடந்தது ஊர்க் குழந்தை. இதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

1953 செப்டம்பரில் மலாக்காவில் வேறு வழி பிறந்தது. கலகம் ஓய்ந்த இடத்தை 'வெள்ளைப் பகுதி' என்று அறிவித்து, ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள். நமக்கும் இது கிடைக்காதா என்று மற்ற ஊர்கள் ஏங்கின. தண்டனையைவிட இந்த ஏக்கமே அதிகம் சாதித்தது என்று தோன்றுகிறது.

சரணடைந்தவருக்கு மன்னிப்பு, துப்புக் கொடுத்தவருக்குப் பணம். தலைவர் சின் பெங் தலைக்கு 2½ லட்சம் டாலர் விலை வைத்தார்கள். அவர் மட்டும் அகப்படவில்லை!

பெரிய அடி 1957 ஆகஸ்டு 31ல் விழுந்தது. மலாயா சுதந்திரம் பெற்றது. வெள்ளையனை விரட்ட வாருங்கள் என்று அழைத்தவர்களுக்கு இனி விரட்ட ஆள் ஏது?

1960 ஜூலை 31ல் அவசர நிலை முடிந்தது. மிச்சப் பேர் தாய்லாந்து எல்லைக்கு ஒதுங்கினார்கள். சமாதானக் கையெழுத்து விழுந்தது 1989 டிசம்பரில்தான். சின் பெங்குக்கு ஊர் திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. 2013ல் பாங்காக்கில் இறந்தார்.