ஆற்று மணலும் நம் பொறுப்பும்

மட்டக்களப்பு நாட்டிலே பொற்சுரங்கம் இல்லை. ஆனால், பொன்னைப்போல் விலைபோகும் பொருளொன்று முந்தனையாற்றிலும் மாதுறு ஓயாவிலும் கிடக்கிறது. அதுவே மணல். வீடு கட்டுவோர்க்கு மணல் வேண்டும். அதை அள்ளி ஏற்றும் கூலியாளுக்குச் சோறு வேண்டும். ஆதலின், மணலே அகழக்கூடாதென்பது நம் வாதமன்று. எவ்வளவு அகழ்வது, எவ்வாறு அகழ்வது என்பதே வழக்கு.

ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால் அயற்கிணறுகளின் நீர்மட்டமும் தாழும். கரை சரிந்தால் வயல் ஆற்றோடு போகும். வாய்க்காலுக்குக் கீழே ஆறு இறங்கிவிட்டால் பயிருக்கு நீர் ஏறாது. முகத்துவாரத்தை அண்டிய இடங்களிற் கோடையில் உவர்நீர் உட்புகும். கலங்கல் வாவியை அடைந்தால் மீன்வளமும் குன்றும். இலாபம் எங்கோ இருக்கும் முதலாளிக்கு. நட்டமோ ஆற்றங்கரை உழவனுக்கும் வாவிக்கரை மீனவனுக்கும்!

சட்டம் இல்லையா? உண்டு. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதியின்றி மணல் அகழ்தல் குற்றமாகும். ஆனால், தாளில் எழுதிய எல்லை ஆற்றிலே தெரிவதில்லை. 2019 டிசம்பரில் மணல் கொண்டுசெல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை அமைச்சரவை நீக்கிற்று. மேலிருந்து வரும் காவல் ஒரே முடிவால் தளர்ந்துவிடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பொன் அகழும் நாடுகளைப் பார்ப்போம். சிறு பொன் அகழ்வில் பாதரசம் நீரையும் உடலையும் நஞ்சாக்குவதைக் கண்டு, 2013இல் மினமாட்டா உடன்படிக்கை செய்யப்பட்டது. அது சிறு அகழ்வோரை விரட்டச் சொல்லவில்லை. அவர்களைச் சட்ட வரம்புக்குள் கொண்டுவரத் திட்டம் வகுக்கச் சொன்னது. அந்நெறி நமக்கும் பொருந்தும்.

நாம் கோருவன மூன்று. ஒன்று, அனுமதி வழங்குகையில் அவ்வூர்த் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கத்திற்கு முதலிடம் தரவேண்டும். ஆற்றுக்குள் இயந்திரம் இறங்கலாகாது. இரண்டு, கமக்காரர் அமைப்பும் மீனவர் சங்கமும் மணல் தொழிலாளரும் பிரதேச செயலாளரோடும் நீர்ப்பாசன அதிகாரியோடும் ஒரே குழுவில் அமர்ந்து, ஆழத்தை அளந்து, பாலமும் அணைக்கட்டும் உள்ள இடங்களை விலக்கி, எல்லைக்கல் நாட்டவேண்டும். மூன்று, அனுமதி பெற்றவர் பெயரும் அகழும் அளவும் ஊரறியப் பலகையில் எழுதப்படவேண்டும். எழுத மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

மணல் ஏற்றுபவனும் வயல் உழுபவனும் பல இடங்களில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தமிழரும் முஸ்லிம்களுமாகிய தமிழ்பேசும் மக்கள் அருந்துவதும் அதே ஆற்று நீரே. இவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டால் வெல்பவன் மூன்றாமவனே. எனவே, கமக்காரர் அமைப்புகள் அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே இதனைத் தீர்மானமாக்க முன்வருக! படித்த வழக்கறிஞரும் பொறியியலாளரும் ஆசிரியரும் அம்மனுக்களை எழுதிக்கொடுக்க முன்வருக! ஆறு முற்றாக அழிந்தபின் தொடுக்கும் வழக்கில் வென்றாலும், போன மணல் திரும்பி வராது.