எந்த ஊர் வைரஸ் நீ?



2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது. இயற்கையான போலியோ வைரஸால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை அதுதான். 2014 மார்ச் 27-ல் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ ஒழிந்தது என்று சான்று கிடைத்தது. பாராட்டு எல்லாம் சொட்டு மருந்துக்குப் போனது. நியாயம்தான். ஆனால் "இல்லை" என்று சொல்ல ஆதாரம் வேண்டுமே! அதைத் தந்தது ஆய்வுக்கூடம்.

எப்படி என்கிறீர்களா? 15 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தால், 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளி விட்டு 2 மல மாதிரிகள் எடுக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். நம்ம கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் இந்த வேலை செய்யும் ஆய்வுக்கூடங்களில் ஒன்று.

அங்கே மாதிரியை எல்20பி என்ற செல்களில் விட்டுப் பார்ப்பார்கள். இது எலியின் செல். போலியோ வைரஸ் உள்ளே நுழைய மனிதச் செல்லில் உள்ள வாசலை இதிலே அமைத்திருக்கிறார்கள். வைரஸ் இருந்தால் செல்கள் சிதையும். அடுத்து பி.சி.ஆர். சோதனை: இது எந்த டைப்? இயற்கை வைரஸா, சொட்டு மருந்திலிருந்து வந்ததா? கடைசியில் வி.பி.1 என்ற மரபணுவின் சுமார் 900 எழுத்துக்களை வரிசையாகப் படிப்பார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம், அதாவது 9 எழுத்து மாறும். மாறிய எழுத்துக்களை எண்ணினால் எத்தனை காலமாகச் சுற்றுகிறது, எதற்குச் சொந்தம் என்று கண்டுபிடித்துவிடலாம். 2022-ல் நியூயார்க் மாநிலம், லண்டன், ஜெருசலேம் ஆகிய மூன்று இடத்து வைரஸ்களும் உறவுக்காரர்கள் என்று இப்படித்தான் தெரிந்தது. லண்டனில் யாரும் முடமாகவில்லை; சாக்கடைத் தண்ணீரே காட்டிக் கொடுத்துவிட்டது!

"இது டாக்டர்கள் சமாச்சாரம், நமக்கென்னப்பா?" என்று ஒதுங்க முடியுமா? ஐஸ் உருகி மாதிரி வெயிலில் கிடந்தால் வைரஸ் செத்துப்போகும். லேப் "இல்லை" என்று எழுதும். நோய் ஊரில் இருக்கும், காகிதத்தில் இருக்காது! அந்த ஐஸ் பெட்டி, டீப் ஃபிரீசர், ஜெனரேட்டர், தெர்மாமீட்டர் எல்லாம் யார் கையில்? நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் கையில்தானே? ரெக்கார்ட் நோட்டில் பக்கத்து பெஞ்சு ரீடிங்கைப் பார்த்து எழுதும் பழக்கம் அங்கேயும் தொடர்ந்தால் என்ன ஆகும்? பார்க்காமலே எழுதிய ஒரு டிகிரி, ஒரு குழந்தையின் கால்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோய்தான் போய்விட்டதே, இத்தனை செலவு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் போகவில்லை. திருடன் வரவில்லை என்பதற்காகக் காவல்காரனை வீட்டுக்கு அனுப்புவோமா? ஆய்வுக்கூடத்துக்குப் பணம் குறையக் கூடாது. அங்குள்ள தொழில்நுட்பப் பணியிடங்கள் காலியாகக் கிடக்கக் கூடாது என்பதே என் கருத்து.

தோழர்களே, "இல்லை" என்ற ஒரு சொல்லை நாடு நம்ப வேண்டுமானால், அதற்குப் பின்னால் அளந்தவன் கை நேர்மையாக இருக்க வேண்டும். அளப்போம்! அளந்ததையே எழுதுவோம்!