குறைந்த தண்ணீர் எங்கே போனது?

வண்டி சூடேறினால் ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிளம்புவது நம் பக்கத்துப் பழக்கம். கொடுமுடியில் காவிரியே பக்கத்தில் ஓடுகிறது, கேட்கவே வேண்டாம். ஆடிப் பதினெட்டுக் கூட்டத்தில் ஊர்ந்து வந்து, பானட்டைத் திறந்து வைத்து பாட்டில் பாட்டிலாக ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதைக்கும். குறைந்த தண்ணீர் எங்கே போனது என்று தேட வேண்டாமா? காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அடியில் ஓர் அட்டையை விரித்துப் பாருங்கள். நிறமில்லாத சொட்டு பெரும்பாலும் ஏசி தண்ணீர். பச்சையோ இளஞ்சிவப்போ வழவழவென்று ஒட்டினால் அது கூலன்ட். அது கசிகிற இடத்தில், ஹோஸ் கிளிப் ஓரத்திலோ வாட்டர் பம்ப் அடியிலோ, உப்புப் பூத்த மாதிரி பொருக்கு கட்டியிருக்கும். பல நேரம் ஒரு கிளிப்பை மாற்றினாலே தீர்ந்துவிடும். வெளியே சொட்டே இல்லாமல் மட்டம் இறங்கி, சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். திரும்ப நிரப்பும்போது போர்வெல் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு உள்ளே படிந்து அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் சரிபாதி ஊற்றுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் அடைபட்ட நீர் முகத்தில் பீறிடும். வாசலில் சொட்டியதையும் கழுவிவிடுங்கள். இனிக்கிறதென்று தெருநாய் நக்கும், அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் அதன் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.