சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் குற்றம்

சற்று நீண்ட பதிவு. திட்டுவதாக இருந்தாலும் முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் வெளியூர் நண்பர்கள் போனில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், உங்க ஊர்ல நல்ல கள் கிடைக்குமா?" கிடைக்காது. ஆனால் செங்கோட்டை, புளியரை தாண்டி மலையேறி கேரள எல்லைக்குள் போய்விட்டால் உரிமம் பெற்ற கள்ளுக்கடை உண்டு. செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது செங்கோட்டை நம்மிடம் வந்தது, ஆரியங்காவு அங்கேயே நின்றது. மலையும் தென்னையும் ஒன்றுதான். கோட்டுக்கு அந்தப் பக்கம் தொழில், இந்தப் பக்கம் வழக்கு.

எனக்குப் பதநீர்தான் பழக்கம். ஆனால் பதநீரும் கள்ளும் ஒரே பாளையிலிருந்து வடிவதுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது, அது பதநீர். தடவாமல் விட்டால் காற்றில் உள்ள ஈஸ்ட் சேர்ந்து சில மணி நேரத்தில் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றிவிடும், அது கள். ஓரிரு நாள் போனால் புளித்துக் காடியாகிவிடும். பனையேறி தினமும் இரண்டு வேளை உயிரைப் பணயம் வைத்து ஏறுகிறார். அவர் குற்றவாளியா இல்லையா என்பதை அந்தச் சுண்ணாம்பு முடிவு செய்கிறது. பனையை மாநில மரம் என்று வேறு பெருமை பேசுகிறோம்.

தமிழ்நாட்டில் கள் தடை செய்யப்பட்டது 1987-இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1983-இல், டாஸ்மாக் நிறுவனம் வந்துவிட்டது. 2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடைகளையும் அரசே நடத்துகிறது. அங்கே பிராந்தி உண்டு, பீர் உண்டு, ஒயினும் உண்டு. ஏழை குடிக்கும் மரத்துக் கள்ளுக்கு மட்டும் இடமில்லை.

வாத்தியார் புத்தி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சாராயச் சத்து 42.8 சதவீதம். அதாவது சுமார் 77 மில்லி. கள்ளில் ஏறக்குறைய 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அதே 77 மில்லி உடம்பில் சேர ஒன்றரை லிட்டர் கள் குடிக்க வேண்டும். ஒன்றரை லிட்டரை ஒரு மூச்சில் குடிக்க முடியுமா? குவார்ட்டரை ஒரு தண்ணீர் பாக்கெட்டோடு கடை வாசலிலேயே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். நான் பாடம் நடத்திய பிள்ளைகள் சிலரை அப்படி நிற்கப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கச் செங்கல் சுமந்த கூலியில் பாதி அங்கேயே போய்விடுகிறது. இத்தாலியிலும் பிரான்சிலும் சாதாரணக் குடும்பத்தில் விலை மலிவான உள்ளூர் ஒயினைச் சாப்பாட்டோடு அளவாகக் குடிக்கிறார்கள். நம் உழைப்பாளிக்கு நாம் விட்டுவைத்த மலிவான பானம் எது?

கள்ளும் போதைதானே என்பீர்கள். ஆமாம், போதைதான். ஒருவன் தினமும் அளவில்லாமல் குடித்தால் கள்ளும் குடும்பத்தைக் கெடுக்கும். கலப்படம் வரும் என்ற பயமும் நியாயமானதே. 2010-இல் மலப்புரத்தில் விஷம் கலந்த கள்ளைக் குடித்துப் பலர் செத்தார்கள். நம் பக்கமும் கள்ளக்குறிச்சியில் 2024-இல் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். அது கள் அல்ல, மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். கள்ளைத் தடை செய்துவிட்டதால் அந்தச் சாவுகள் நின்றுவிடவில்லை.

கலப்படம் எங்கே நுழைகிறது? மரத்துக்கும் குடிப்பவனுக்கும் இடையே தூரம் கூடும்போது. பாலக்காடு சித்தூரில் இறக்கும் கள் வண்டியேறி மற்ற மாவட்டங்களுக்குப் போகிறது. மரம் கொடுப்பதைவிடக் கடைக்குத் தேவை அதிகமானால், பீப்பாயில் எதையாவது ஊற்றத்தான் செய்வார்கள்.

அதனால் நான் கேட்பது கள்ளுக்கடை ஏலம் அல்ல. ஏலம் வந்தால் பழைய சாராய முதலாளிகளே திரும்பி வருவார்கள். பனையேறிக்கும் தென்னை ஏறுபவருக்கும் நேரடியாக உரிமம் கொடுங்கள். இத்தனை மரம் என்று எண்ணிக் கொடுங்கள். இறக்கிய அன்றே, அந்தத் தோப்பிலேயே விற்கட்டும். வண்டியில் ஏற்றக் கூடாது, பாட்டிலில் அடைக்கக் கூடாது. அருவிக்கரைப் பக்கம் கூடவே கூடாது. குடித்துவிட்டு அருவியில் நிற்பவனைப் பாறை மன்னிக்காது.

ஒரு மாவட்டத்தில் சோதித்துப் பாருங்கள். தென்காசியிலேயே தொடங்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதைத் தினமும் பார்க்கிற ஊர் இது. கெடுதல் வந்தால் உரிமத்தை ரத்து செய்யுங்கள். அதுவரை பனையேறியின் கலயத்தை உடைக்கிற வேலையையாவது நிறுத்துங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். குறிப்பாக வீட்டுப் பெண்கள் எழுதுங்கள். குடியின் பாரத்தைச் சுமப்பவர்கள் நீங்கள்தான். உங்கள் சொல்லுக்குத்தான் இதில் எடை அதிகம்.