கேட்டுச் செய்வதே கெட்டிக்காரத்தனம்



அளவெடுக்காமல் துணியை வெட்டும் தையற்காரரைக் கண்டால் நாம் நகைப்போம். மனையைப் பாராமல் வீட்டுக்கு வரைபடம் போடுபவரைக் கண்டிப்போம். ஆனால் பயன்படுத்தப் போகிறவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் மென்பொருள் செய்து தருபவரை மட்டும் மேதை என்று போற்றுகிறோமே, இது முறைதானா? மென்பொருள் ஆக்கத்தில் தலையாய பணி நிரல் எழுதுவதன்று. வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிவதே என்பது என் கருத்து.

இதற்குச் சான்றாக இலண்டன் மாநகரில் நடந்த ஒன்றைக் கூறுவேன். அந்நகரின் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு நாளொன்றுக்கு 2,000க்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. ஊழியர்கள் அவற்றைத் தாளில் எழுதி, வரைபடப் புத்தகத்தில் இடத்தைத் தேடி, வண்டிகளை அனுப்பி வந்தார்கள். இவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க முடிவு செய்தனர். 1992ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் புதிய அமைப்பு நகர் முழுவதும் இயங்கத் தொடங்கியது. விளைவு என்ன? ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் சென்றன. வேறோர் இடத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்கள் மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைத்தனர். எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன. மறுநாளே பாதி வேலையை மனிதர் கைக்கு மாற்ற நேர்ந்தது. நவம்பர் 4ஆம் நாள் அதிகாலையில் அமைப்பு அடியோடு நின்றுபோக, பழைய தாளும் எழுதுகோலுமே கைகொடுத்தன.

கடைசியாக நின்றுபோனதற்கு நிரலில் இருந்த ஒரு பிழையே காரணம். ஆனால் முதல் நாள் குழப்பத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. ஒவ்வொரு வண்டியும் எங்கே நிற்கிறது என்பது கணிப்பொறிக்குப் பிழையின்றித் தெரிந்திருந்தால்தான் அவ்வமைப்பு ஒழுங்காக இயங்கும். பரபரப்பான வேளையில் ஊழியர் பொத்தானை முறைமாற்றி அழுத்துவர். குறித்த வண்டியை விட்டு வேறொன்றை எடுத்துச் செல்வதும் உண்டு. சாலையில் வேலை செய்பவருக்கு இவை அன்றாட நிகழ்ச்சிகள். ஆனால் தேவைகளைத் தொகுத்து எழுதிய காலத்தில் அவர்களுடைய பங்கு மிகக் குறைவு என்று 1993இல் வெளியான விசாரணை அறிக்கை கூறுகிறது. தொழிற்சங்கப் பிரதிநிதிகளுக்கு அழைப்பு அனுப்பப்பட்டது உண்மையே. எனினும், அழைப்பு அனுப்புவது வேறு, அருகில் அமர்ந்து கேட்பது வேறு அல்லவா?

ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரும் மென்பொருள் பணி ஒன்றை நடத்திய பிரெட் புரூக்ஸ் என்ற அறிஞர், எதைச் செய்ய வேண்டும் என்று துல்லியமாக முடிவு செய்வதே இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி என்று 1987இல் வெளியான கட்டுரையில் கூறியுள்ளார். அனுபவசாலியின் சொல்லை நாம் ஒதுக்கிவிடலாமா?

நம் பள்ளி நூலகத்துக்கு ஒரு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்வோம். தலைமையாசிரியை சகோதரியைக் கேட்டால் நூல்களின் கணக்கு வேண்டும் என்பார். நூலகர் அம்மாவோ, யார் புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை என்று உடனே தெரிய வேண்டும் என்பார். ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு நூலின் பெயரே நினைவிராது. "பச்சை அட்டை போட்ட கதைப் புத்தகம்" என்றுதான் கேட்பாள். மூவர் சொல்வதும் தேவையே. பணம் தருபவரை மட்டும் கேட்டால் கணக்கு கிடைக்கும். சிறுமிக்குப் புத்தகம் கிடைக்காது!

"வாடிக்கையாளருக்கே தமக்கு என்ன வேண்டும் என்று தெரியாதே, கேட்டுக்கொண்டிருந்தால் காலந்தான் வீணாகும்" என்று சிலர் வாதிடுவர். அவர்கள் கூறுவதில் ஓரளவு உண்மை உண்டு. ஆகவேதான் வாயால் கேட்பது மட்டும் போதாது என்கிறேன். அவர் வேலை செய்யும் இடத்துக்கே சென்று கண்ணால் பார்க்க வேண்டும். புரிந்துகொண்டதை எழுதி, அவருக்கே படித்துக் காட்ட வேண்டும். சிறிய மாதிரி ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகலாம். கட்டி முடித்ததை இடித்துக் கட்ட ஆகும் காலத்தை நோக்க, அது மிகச் சிறிதே. அதே இலண்டன் நிலையம் பின்னர் ஊழியரைக் கலந்து, படிப்படியாகச் செய்த புதிய அமைப்பு 1996இல் நன்கு இயங்கத் தொடங்கியதே இதற்குச் சாட்சி.

தோழியரே! நம்மில் பலர் நாளை கணிப்பொறித் துறைக்குச் செல்லவிருக்கிறோம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குவது நமக்குப் பெருமைதான். அத்துடன் பொறுமையாகக் கேட்கும் செவியும், "எனக்கு விளங்கவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்கும் பணிவும் வேண்டும். நாம் எழுதும் நிரலின் மறுமுனையில், வண்டிக்காக வாசலைப் பார்த்தபடி ஒரு தாய் காத்திருக்கக்கூடும். அவளை நினைத்து முதலில் கேட்போம், பிறகு செய்வோம்!