ஓய்வுநாள் யாருக்கு?

திங்கள் முதல் சனி வரை, விடியுமுன் தேவாரத்தில் ஜீப்பேறி மலைமேல் ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கிறார் என் தாய். ஞாயிறோ ஓய்வுநாள்! அன்றும் அடுப்பு மூட்டி, எங்கள் துணி துவைத்து, ஆராதனைக்குக் கடைசியாக ஓடி வருபவர் அவரே.

மார்த்தாள், மரியாள் பிரசங்கம் கேட்டுத் திரும்புகையில், "மார்த்தாளும் உக்காந்துட்டா சோறு பொங்குறது யாருப்பா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2013-இல் தென்னிந்தியத் திருச்சபை, நந்தியால் திருமண்டிலத்தில் புஷ்பலலிதா அம்மையாரைத் தன் முதல் பெண் பேராயராக்கியது. பீடத்தில் பெண் ஏறிவிட்டார். அடுக்களையில் ஆண் நுழைவது எப்போது?

மாணவத் தோழர்களே! ஞாயிறன்று அகப்பையை நாம் ஏந்தாதவரை தாய்க்கு ஓய்வுமில்லை, நமக்குப் பக்தியுமில்லை.

சென்ற வாரம் நான் பொங்கிய சோறு குழைந்துவிட்டது. ஆனால், முதல் பாட்டுக்கே அம்மா கோயிலில் இருந்தார்!