முழங்கால் உயரம்தானே கேட்டேன்!

கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் 15 அடி. அந்த ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு பச்சை வரிசை. நான் கேட்டது இவ்வளவுதான். மூன்று வருஷமாகிறது, இன்னும் அமையவில்லை.

முதலில் வந்தது கோல்டன் துராந்தா. "கண்ண மூடிட்டு வைங்கக்கா, தானா வரும்" என்றான் நர்சரித் தம்பி. பொய் சொல்லக் கூடாது, தானாகத்தான் வந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் இடுப்புக்கு ஏறிவிட்டது. சும்மா விட்டால் ஆளைத் தாண்டி வளருகிற புதர் அது. அதை வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. மாதம் இரண்டு தடவை வெட்டணும், வெட்டுகிற கூலியில் வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கலாம். மஞ்சளாவது ஒழுங்காக இருந்ததா? வெயில் பட்ட பக்கம் தங்கம், சுவர் நிழல் விழுந்த பக்கம் வெறும் பச்சை. ஊருக்குப் போய் வந்த இடைவெளியில் கொத்துக் கொத்தாக ஆரஞ்சு நிறக் காய் வேறு. அது விஷம். பேத்திக்கோ எதைப் பார்த்தாலும் வாயில் போடுகிற வயசு. அன்றைக்கே பிடுங்கிப் போட்டேன்.

அடுத்தது இட்லிப்பூ, அதாவது வெட்சி, குட்டை ரகம். அடிக்கு ஒன்றாக 15 செடி. எங்கள் போர் தண்ணீர் எப்படியென்றால், பக்கெட்டின் உள்பக்கம் சுண்ணாம்பு பூசினது போலப் படியும். இரண்டே மாதத்தில் இலையெல்லாம் வெளுத்து மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு. மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் இந்தக் காரத் தண்ணீரில் வேரால் அதை எடுக்க முடியாதாம். அன்னபேதி வாங்கிக் கரைத்துத் தெளித்தேன், கொஞ்சம் தேறியது. பூவாவது பார்க்கலாமென்றால், கிளை நுனியில்தான் மொட்டு கட்டும். வரிசை நேராகத் தெரிய நுனியை வெட்டினால் மொட்டும் சேர்ந்து போய்விடுகிறது. வேலி வேணுமா, பூ வேணுமா என்று செடியே கேட்கிறது! அந்தக் காலத்தில் இதே வெட்சியைச் சூடிக்கொண்டுதான் மாடு கவரப் போனார்களாம். எங்கள் தெருவில் ஒரு நாள் கேட்டைச் சாத்த மறந்தேன், மாடு வந்து வெட்சியைக் கவர்ந்துகொண்டு போயிற்று.

பாட்டி வீட்டு வேலி ஆடாதோடையும் நொச்சியும். ஆடு மாடு வாய் வைக்காது. ஆனால் அது ஆளை மறைக்கிற வேலி, எனக்கு வேண்டியது பாதைக்குக் கரை கட்டுகிற வேலி. ஆசைக்கு நர்சரித் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் மூலிகைக்கா, நம்மகிட்ட வராது" என்றான்.

எனக்கு ஆத்திரம் எதிலென்றால், நர்சரியில் நிற்கும்போது எல்லாச் செடியும் முழங்கால் உயரம்தான். செம்பருத்தி, அரளி, ஏன், நெட்டிலிங்கம்கூட! எல்லாம் கறுப்புக் கவரில் சமர்த்தாக நிற்கும். விலை கேட்டால் டக்கென்று வரும். வளர்ந்தால் எவ்வளவு உயரம் என்று கேட்டால் மட்டும் தம்பிக்கு போன் வந்துவிடும்.

நேற்றும் போனேன். "புதுசா ஒண்ணு வந்திருக்குக்கா, இவ்ளோதான் வளரும்" என்று கையை முழங்காலுக்கு நேரே காட்டினான்.

"இது கவரோட சேர்த்தா, சேர்க்காமலா தம்பி?"

"எத்தனை எடுத்து வைக்கட்டும்கா?" என்றான்.